பல் நறநறப்பும் பூச்சியின் மேல் விழுந்த பழியும்



பழைய லயத்து வீடுகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. பல இடங்களில் அந்தத் தடுப்பும் கூரை வரை எட்டாது. இருமல், குழந்தையின் அழுகை, குறட்டை எல்லாம் அங்கே பொதுச் சொத்து. அந்த ஓசைகளுக்கு நடுவே நள்ளிரவில் இன்னொன்றும் கேட்கும். அரிசியில் கல் அரைபடுவது போல ‘நறநற’ என்ற சத்தம். விடியற்காலையில் பெரட்டுக்கு நடக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்: “உன் மகன் ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறான். வயிற்றில் பூச்சி இருக்கும், மருந்து கொடு.”

அன்று மாலையே வேப்பங்கொழுந்தோ குப்பைமேனியோ அரைபடும். மறுநாள் காலை விளக்கெண்ணெய். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கும். ஒரு வாரம் கழித்து அதே சத்தம் மீண்டும் கேட்கும். அப்போது மருந்து போதவில்லை என்று தோன்றுமே தவிர, பழி பூச்சியின் மேல் சரியாகத்தான் விழுந்ததா என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தப் பழி எங்கிருந்து வந்தது, பல் நறநறப்புக்கும் தாடைக்கும் உண்மையில் என்ன தொடர்பு, மருத்துவர்களே இதில் எப்படியெல்லாம் தடுமாறினார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூச்சி என்று சொன்ன நம் பாட்டிமார் அறிவில்லாமல் சொல்லவில்லை. பூச்சி உண்மையாகவே இருந்தது. ஜொகூர் மாநிலத்தின் ஊடாக இரயில் பாதை 1909இல் முழுமை பெற்றது. அந்தப் பாதையை ஒட்டி சிகாமட், லாபிஸ், குளுவாங், லாயாங் லாயாங், கூலாய் என்று காடு அழிந்து ரப்பர் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள் அந்தப் புதிய தோட்டங்களில் குடியேறினார்கள். கழிப்பிடம் இல்லாத இடங்களில் மரத்தடியே கழிப்பிடம் ஆயிற்று. மழை ஓயாத ஈரமண். அதில் செருப்பில்லாத கால்கள். கொக்கிப்புழுவுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? மலத்தோடு வெளியேறும் முட்டை ஈரமண்ணில் குஞ்சாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். உடல் வெளுக்கும், கால் வீங்கும், நாலு மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கும். இப்படிச் சோர்ந்தவரை ‘சோம்பேறி’ என்று ஏசிய துரைமாரும் உண்டு.

1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஒரு மருத்துவக் குழு ஃபிஜி, ஜாவா ஆகிய நாடுகளோடு நம் மலாயாவிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. குழுவின் தலைவர் டாக்டர் டார்லிங். பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் அங்கே ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் அவர். பார்பர், ஹாக்கர் என்ற இருவர் அவருடன் பணியாற்றினர். புழுமருந்து கொடுத்து, வெளியேறிய மலத்தை அலசி, புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். அருவருப்பான வேலைதான். ஆனால் யாருக்கு எத்தனை புழு, அந்த எண்ணிக்கைக்கும் இரத்தச் சோகைக்கும் என்ன உறவு என்பது அப்படி எண்ணியதால்தான் தெளிவாயிற்று. அவர்களுடைய அறிக்கை 1920இல் வெளிவந்தது.

அதற்குப் பிறகு கீனோபோடியம் எண்ணெய், கார்பன் டெட்ராகுளோரைடு, டெட்ராகுளோரெத்திலீன் என்று மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தோட்டத்து டிரசர் வரிசையில் நிறுத்தி வாயில் ஊற்றிய மருந்தின் நாற்றத்தைப் பற்றிப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். மலேசிய அரசாங்கமும் 1974இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, 1983 வரை நடத்தியது. கழிப்பிடம் வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது, பிள்ளைகள் காலில் செருப்பு ஏறியது. பூச்சி குறைந்தது.

நறநறப்பு நிற்கவில்லை. இன்று தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்திலும், சுவருக்குச் சுவர் சிமெண்டு பூசிய அறையிலும், பிள்ளை இரவில் பல்லைக் கடிக்கத்தான் செய்கிறது. நாம் இதைக் கவனித்திருந்தாலே போதும், பாதி விடை கிடைத்திருக்கும்.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பழைய மருத்துவ நூல்களில் மூக்கு அரிப்பதும் தூக்கத்தில் பல் கடிப்பதும் வயிற்றுப் பூச்சிக்கு அடையாளங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஈரானிலும் தென் அமெரிக்காவிலும் தாய்மார் இன்றும் அதையே சொல்கிறார்கள். பிற்காலத்தில் சில நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்தபோது, ஓரிடத்தில் தொடர்பு இருப்பது போல் தோன்றியது. இன்னோரிடத்தில் தொடர்பே தெரியவில்லை. பூச்சிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கீரைப்பூச்சி இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கித் தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட தூக்கத்தில் பல் நறநறக்கலாம். பாட்டியின் சொல்லுக்கு நாம் கொடுக்கக்கூடிய இடம் அவ்வளவுதான்.

சரி, பூச்சியை விட்டுவிட்டு மருத்துவர்கள் யாரைப் பிடித்தார்கள்? பல்லையே பிடித்தார்கள். அந்தக் கதைக்கு முன்னால் தாடையைப் பற்றி ஒரு சொல்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு முண்டு உருண்டு முன்னே வந்து பின்னே போவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. முழங்கை மூட்டு கதவுக் கீல் போல மடங்கும், விரியும். தாடை மூட்டோ மடங்குவதோடு சறுக்கவும் செய்கிறது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு குருத்துத் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு இடம் பிசகினால் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். இரண்டு பக்கத்து மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஆகையால் ஒன்று தனியாக அசைய முடியாது. இடது பக்கம் நோகிறதென்று வலது பக்கத்திலேயே மென்றாலும் இரண்டும்தான் உழைக்கின்றன.

பெரிதாகக் கொட்டாவி விட்டு, திறந்த வாய் மூடாமல் நின்றுவிடுவது உண்டு. பார்க்கிறவர்கள் பேயறைந்தது என்பார்கள். அது மூட்டு நழுவியதே தவிர வேறில்லை. இதற்கு மனிதன் கண்ட வைத்தியம் மிகவும் பழையது. எகிப்து நாட்டில் கிடைத்த ஏறத்தாழ 3600 ஆண்டுப் பழமையுள்ள ஒரு மருத்துவச் சுருளில், கட்டைவிரல்களை வாய்க்குள்ளும் மற்ற விரல்களை மோவாய்க்கு அடியிலும் வைத்துத் தாடையைப் பின்னே தள்ளி இடத்தில் சேர்க்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையும், நழுவிய தாடைக்கு ஒத்தடம் கொடுத்து, எலும்பை இடத்தில் சேர்த்து, கட்டுப் போடச் சொல்கிறது. இன்று ஜொகூர் பாரு மருத்துவமனையில் ஒருவருக்குத் தாடை நழுவினாலும் டாக்டரின் கட்டைவிரல்கள் அதே எகிப்தியரின் வழியில்தான் செல்லும். ஆனால் இதை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். சட்டென்று மூடும் தாடை விரலைப் பதம் பார்த்துவிடும்.

இனிப் பல்லின் கதைக்கு வருவோம். 1899இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்டு ஏங்கிள், மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் கடிக்கும்போது எப்படிப் பொருந்துகின்றன என்பதை மூன்று வகையாகப் பிரித்தார். பல்லுக்குக் கம்பி கட்டும் கலை அதன்மேல் வளர்ந்தது. 1907இல் பிரான்சில் மாரீ, பியெத்கேவிச் என்ற இருவர் பல் நறநறப்புக்குக் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு பெயர் சூட்டினார்கள். ‘புருக்ஸிசம்’ என்று இன்று டாக்டர்கள் சொல்வது அந்த வேரிலிருந்து வந்ததுதான். நோய்க்குப் பெயர் கிடைத்தது. காரணம் கிடைக்கவில்லை.

1934இல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். காது அடைப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல், தலைவலி, தாடை வலி. இத்தனைக்கும் காரணம் கடைவாய்ப் பற்கள் போனதுதான் என்றார் அவர். முட்டுக் கொடுக்கப் பல் இல்லாததால் தாடை மேலும் பின்னும் ஏறிக் காதருகில் உள்ள நரம்புகளை நசுக்குகிறது என்பது அவர் கருத்து. கேட்க மிகவும் நியாயமாக இருக்கிறது அல்லவா? உலகமே நம்பியது. எத்தனையோ பேருக்குப் பல்லை உயர்த்திக் கட்டினார்கள். உயரமாக இருந்த பல்லைத் தேய்த்தார்கள்.

காஸ்டன் சொன்னது சரியா என்று பார்க்க நம் தோட்டங்களே போதுமான சோதனைச் சாலை என்று நமக்குத் தோன்றுகிறது. பல் வலித்தால் பிடுங்குவது ஒன்றே நமக்குக் கிடைத்த வைத்தியமாக இருந்த காலம் அது. ஜொகூர் நீரிணையின் மேல் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அக்கரைச் சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1929இல் பல் மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆனால் பாலத்துக்கு இக்கரையில், செம்மண் பாதையின் கோடியில் இருந்த தோட்டத்துக்கு அந்தப் படிப்பின் பயன் எப்போது வந்து சேர்ந்தது? டிரசர் கையில் இருந்தது குறடு. நாற்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களைப் பாதிக்குமேல் இழந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். காஸ்டன் சொன்னபடியானால் அவர்களில் பெரும்பாலோர் காதையும் தாடையையும் பிடித்துக்கொண்டு முனகியிருக்க வேண்டும். அவர்களோ ஈறாலேயே முறுக்கைக் கடித்தார்கள். தாடை வலி என்று வந்தவர்களில் முழுப்பல் வரிசை உள்ள இளைஞர்களும் இருந்தார்கள்.

உடற்கூற்று அறிஞரான ஹாரி சிக்கர் 1948இல் காஸ்டனின் விளக்கத்தை மறுத்தார். அவர் சொன்ன இடத்தில் நரம்பு அப்படி நசுங்குவதற்கு வழியில்லை என்று காட்டினார். பிறகு மருத்துவர்களின் பார்வை பல்லிலிருந்து தசைக்குத் திரும்பியது. பல்லைக் கடிக்கும்போது கன்னத்தில் புடைக்கிறதே, அந்தத் தசைதான் ஓயாமல் இறுகி வலிக்கிறது; இறுக்குவது மனத்தின் அழுத்தம் என்று 1969இல் டேனியல் லாஸ்கின் எழுதினார்.

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்’ என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! கங்காணியின் ஏச்சை, சம்பளத்தில் விழுந்த வெட்டை, மாமியார் சொல்லை எல்லாம் நாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பொறுத்தோம். கோபக்காரனை ‘நறநறவென்று பல்லைக் கடித்தான்’ என்றுதான் கதை சொல்கிறவர்கள் வருணிப்பார்கள். பகலில் பல் கடிப்பது மனத்தின் வேலை என்று நம் மொழிக்குத் தெரிந்திருந்தது. இரவுக்கு மட்டும்தான் பூச்சியைத் தேடிப் போயிருக்கிறோம்.

ஆனால் மனம் என்பதும் முழு விடை ஆகவில்லை. தூங்குகிறவரின் தலையிலும் தாடையிலும் மின்கம்பிகளை ஒட்டி, மூளையின் அலைகளையும் தசையின் இறுக்கத்தையும் ஒன்றாகப் பதிவுசெய்யும் ஆய்வுக்கூடங்கள் வந்த பிறகு புதிய செய்தி தெரிந்தது. தூக்கம் ஒரே ஆழத்தில் ஓடுவதில்லை. நடுநடுவே சில விநாடிகள் மூளை அரைவிழிப்புக்கு மேலேறி வருகிறது. நமக்கு அது நினைவிலேயே இருக்காது. அந்த நேரத்தில் இதயம் சற்று விரைவாக அடிக்கும். அதைத் தொடர்ந்து தாடைத் தசை மெல்லுவது போல இறுகித் தளரும். நறநறப்பில் பெரும்பகுதி இப்படி எழுகிறது. 2013இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, விழித்திருக்கும்போது பல்லை இறுக்குவது வேறு, தூக்கத்தில் நறநறப்பது வேறு என்று பிரித்து இலக்கணம் வகுத்தார்கள்.

இந்த வரலாற்றில் வேதனையான பகுதி ஒன்று இருக்கிறது. காரணம் தெரியாமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. 1980களில் அமெரிக்காவில் தாடை மூட்டின் குருத்துத் தட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டைப் பலருக்குப் பொருத்தினார்கள். மெல்லும் அழுத்தத்தில் அது நொறுங்கியது; துகள்களோடு போராடிய உடல், பக்கத்து எலும்பையும் அரித்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் முன்னிலும் கடுமையான வலிக்கு ஆளானார்கள். 1990இல் அமெரிக்க அரசாங்கம் எச்சரிக்கை விடுத்தது. 1996இல் அந்நாட்டின் தேசியச் சுகாதாரக் கழகங்கள் கூட்டிய மாநாட்டில், தாடை மூட்டு வலிக்கு முதலில் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய எளிய முறைகளையே கையாள வேண்டும் என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது. பெரும்பாலோருக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்கு ஓய்வு, சிறிது காலம் வலி மாத்திரை ஆகியவற்றோடு வலி தணிந்துவிடுகிறது. ஆகையால் நறநறப்பை நிறுத்துவதற்காக நல்ல பல்லைத் தேய்க்கிறேன், பிடுங்குகிறேன் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடுவது நல்லது. கம்பி கட்டுவது கோணல் பல்லைச் சீராக்கும். நறநறப்பை நிறுத்தும் மருந்தாக அதை இன்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

நம் நாட்டில் நிலைமை எப்படி மாறியது? நியூசிலாந்து 1921இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் தாதியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1972இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் அமைந்தது. பல் தாதி தமிழ்ப் பள்ளிக்கு வந்து இறங்கிய நாளில் மேசைக்கு அடியில் ஒளிந்த பிள்ளைகளின் கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பிள்ளைகள் பலர் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். வாயில் சொந்தப் பற்களோடு இருக்கிறார்கள். பல் மீந்ததால்தான் பல் தேய்வதைப் பற்றிப் பேசவும் நமக்கு இடம் வந்திருக்கிறது.

சிறு பிள்ளைகளின் நறநறப்புக்குப் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். பால்பல் விழுந்து நிலைப்பல் முளைத்து வரும் காலத்தில் அது தானாகக் குறைந்துவிடும். பிள்ளை பல் கடிப்பதோடு பலமாகக் குறட்டையும் விட்டால், வாயைத் திறந்தே தூங்கினால், மூச்சு நின்று நின்று வந்தால், தொண்டைச் சதை வளர்ந்திருக்கலாம். அதை டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவர்களுக்குக் காலையில் எழும்போது தாடை கனப்பதும், பொட்டில் வலிப்பதும், பல் நுனி தட்டையாகத் தேய்வதும் அடையாளங்கள். படுக்கப் போகும் நேரத்தில் குடிக்கும் கோப்பி ஓ, சிகரெட், சம்சு மூன்றும் இதை அதிகமாக்கும். பல்லைக் காப்பதற்கு இரவில் போட்டுக்கொள்ளும் உறை ஒன்றைப் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்து தருவார். அது நறநறப்பை ஒழிக்காது. ஆனால் தேய்வது பல்லாக இல்லாமல் உறையாக இருக்கும்.

வாய் திறக்க முடியாமல் போவது மட்டும் வேறு சங்கதி. பால்வெட்டுக் கத்தியோ செம்பனை முள்ளோ கிழித்த காயத்துக்குச் சில நாள் கழித்துத் தாடை இறுகினால் அது ரணஜன்னியாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல வருடம் வெற்றிலை பாக்குப் போட்டவருக்கு வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாய் சுருங்கினால் அது பாக்கினால் வரும் நோய். 1952இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு முதலில் எழுதினார்கள். மறுவருடம் பம்பாயில் டாக்டர் ஜோஷி அதை விவரித்தார். பின்னால் அது புற்றாக மாறக்கூடும். இதைத் தாடைப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நறநறப்புக்காகப் பல் கிளினிக்குக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாமல், பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போவது நல்லது. சத்தம் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, குறட்டையும் உண்டா என்று டாக்டர் கேட்பார். தூங்கியவருக்கு அதெல்லாம் தெரியாது. பலகைத் தடுப்புக்கு அப்பால் படுத்திருந்த அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் தெரியும்.